பழைய படத்தில் இருக்கும் குண்டுவீச்சு விமானம் எது, அதன் முன் நிற்பவர்கள் யார்?

ஏழு பேர் வரிசையாக நிற்கிறார்கள். பின்னால் ஒரு பெரிய விமானத்தின் மூக்கு தெரிகிறது. படத்தின் பின்பக்கம் பென்சிலில் "1943" என்று மட்டும் எழுதியிருக்கிறது. இப்படி ஒரு படம் கைக்கு வந்ததும் புதிதாக வருபவர்கள் நேரே முகங்களைத்தான் ஆராய்வார்கள். முகம் கடைசியில் பார்க்க வேண்டியது. முதலில் விமானத்தின் வகை, பிறகு காலம், பிறகு ஸ்குவாட்ரன் (சேர்ந்து இயங்கும் விமானப் பிரிவு), அதற்குப் பிறகு குறிப்பிட்ட அந்த ஒரு விமானம், அப்புறம்தான் ஆட்கள். இந்த வரிசையை மாற்றினால், இருபது வயதுப் பையன்கள் எல்லோரும் ஒரே சாயலில் இருக்கும் படங்களில் யாருக்கு வேண்டுமானாலும் யார் பெயரையும் சூட்டிவிடலாம்.

இங்கே பெரும்பாலும் 1939–45இல் இங்கிலாந்திலிருந்து பறந்த பாம்பர் கமாண்ட், அதாவது பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவின் விமானங்களைப் பற்றியே சொல்கிறோம். அமெரிக்க விமானங்களும், இந்தியா, இலங்கையிலிருந்து பறந்தவையும் தேவையான இடத்தில் வரும்.

ஸ்கேன் செய்வது

ஆல்பத்தில் ஒட்டியிருக்கும் படத்தைப் பிய்க்க வேண்டாம். பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். பக்கத்தில் இருக்கும் மற்ற படங்களும் சாட்சிதான். அந்தக் காலத்துத் தனியார் படங்கள் பலவும் நெகட்டிவ் அளவிலேயே அச்சிட்ட, உள்ளங்கைக்குள் அடங்கும் படங்கள். அவற்றுக்கு 1200 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) வேண்டும். பெரிய அச்சுக்கு 600 போதும். நெகட்டிவே கிடைத்தால் 2400க்குக் குறையாமல் எடுங்கள். டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் சுருக்கும்போது முதலில் அடிபடுவது சிறிய எழுத்துகள்தான்.

பின்பக்கத்தையும் கட்டாயம் ஸ்கேன் செய்யுங்கள். பென்சில் மங்கிப் போயிருந்தால் அறையை இருட்டாக்கி, டார்ச்சை மேசையோடு மேசையாகச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். எழுதியபோது காகிதத்தில் விழுந்த பள்ளம் நிழலாகத் தெரியும்.

படத்தைத் "தெளிவாக்கித் தரும்" செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. பிரிட்டிஷ் விமானத்தின் சீரியல் எண் 8 அங்குல உயர எழுத்து. தூரத்திலிருந்து எடுத்த படத்தில் அது பத்துப் பன்னிரண்டு பிக்சலுக்குள் அடங்கிவிடும். 3ஆ 8ஆ, 5ஆ 6ஆ என்று தெரியாத இடத்தில் செயலி ஒன்றைத் தானே முடிவு செய்து அழகாக வரைந்து கொடுக்கும். முகத்துக்கும் அதே கதிதான். கான்ட்ராஸ்ட்டைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள், படத்தைச் சிறிதாக்கியும் பாருங்கள். பெரிதாக்கும்போது புள்ளிகளாகச் சிதறும் எழுத்து, சிறிதாக்கும்போது சில நேரம் சட்டென்று படிக்க வரும்.

இடம் வலம் மாறியிருக்கிறதா?

நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்ட படங்கள் நிறைய உண்டு. ஏ, எச், எம், ஓ போன்ற ஆங்கில எழுத்துகள் கண்ணாடியில் மாறாதவை என்பதால் விமானத்தின் எழுத்தை மட்டும் நம்ப முடியாது. சீருடையைப் பாருங்கள். சிறகுச் சின்னம் அணிந்தவரின் இடது மார்பில், அதாவது பார்ப்பவருக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும். லங்காஸ்டர் என்ற நான்கு இன்ஜின் குண்டுவீச்சு விமானம் என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. அதில் ஆட்கள் ஏறும் கதவு வலப்பக்கம், வாலுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. கதவருகே குழு நிற்கும் படத்தில் வால் உங்களுக்கு இடப்பக்கம் வரவேண்டும். வலப்பக்கம் வந்தால் படம் திரும்பியிருக்கிறது. 1943 மே 16 மாலை ஸ்காம்ப்டன் தளத்தில், ஜெர்மன் அணைகளைத் தாக்கக் கிளம்பிய விங் கமாண்டர் கிப்சன் ஏணியில் ஏறி நிற்கும் பிரபலமான படத்தில் தெரிவது இந்தக் கதவுதான்.

கறுப்பு வெள்ளையில் நிறம் பார்ப்பது

தவறுகள் அதிகம் நடக்கும் இடம் இது. அந்தக் காலத்தில் இரண்டு வகை ஃபிலிம் புழக்கத்தில் இருந்தது. பான்குரோமாட்டிக் ஃபிலிம் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய நம் கண் பார்ப்பதுபோல் பதிவு செய்யும். ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கறுப்பாக விழும், மஞ்சள் கருத்துப் போகும், நீலம் வெளுத்துவிடும். ஒரே விமானத்தை இரண்டிலும் எடுத்தால் இரண்டு வேறு விமானம் போலத் தெரியும்.

எந்த ஃபிலிம் என்று கண்டுபிடிக்க வால் நிமிர்தகட்டில் இருக்கும் மூவண்ணப் பட்டை உதவும். பிரிட்டிஷ் விமானத்தில் இரண்டு பக்கமும் சிவப்புப் பட்டைதான் முன்பக்கம், அதாவது மூக்கை நோக்கி இருக்கும். நடுவில் வெள்ளை, பின்னால் நீலம். முன்பட்டை பின்பட்டையைவிடக் கறுப்பாக இருந்தால் ஆர்த்தோ. பின்பட்டை கறுப்பாக இருந்தால் பான்.

இதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் என்ன ஆகும்? 1942க்குப் பிறகு இரவு விமானங்களின் கறுப்புப் பக்கங்களில், ஸ்குவாட்ரனையும் விமானத்தையும் சொல்லும் குறியீட்டு எழுத்துகளை மங்கிய சிவப்பில் எழுதினார்கள். ஆர்த்தோ ஃபிலிமில் அது கறுப்பில் கறுப்பாக மறைந்துவிடும். "இந்த விமானத்துக்குக் குறியீடே இல்லை, புதிதாகத் தொழிற்சாலையிலிருந்து வந்தது" என்று எழுதிவைத்த படக்குறிப்புகளில் சில இப்படிப் பிறந்தவை. எழுத்து காணவில்லை என்றால் இருண்ட பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து வெளிச்சத்தை ஏற்றிப் பாருங்கள். இன்னொரு காரணமும் உண்டு: போர்க்காலத் தணிக்கையாளர்கள் குறியீட்டையும் ரேடார் பாகங்களையும் அழித்துவிட்டே படங்களை வெளியிட்டார்கள். அழித்த இடம் சுற்றிலும் உள்ளதைவிட வழவழப்பாக, புள்ளி இல்லாமல் இருக்கும்.

விமானத்தின் வகை

முதலில் இன்ஜின்களையும் வால் தகடுகளையும் எண்ணுங்கள். இரண்டு இன்ஜின், ஒற்றை வால், உடலில் துணிக்கு அடியில் சாய்சதுரப் பின்னல் தெரிந்தால் வெல்லிங்டன். நான்கு இன்ஜின், ஒற்றை உயர வால், ஆளைவிட உயரமான சக்கரக் கால்கள் என்றால் ஸ்டர்லிங். நான்கு இன்ஜினும் இரட்டை வாலும் இருந்தால் லங்காஸ்டர் அல்லது ஹாலிஃபேக்ஸ்; பெரும்பாலான படங்கள் இந்த இரண்டில் ஒன்றாகவே இருக்கும்.

லங்காஸ்டருக்கு நீள்வட்டமான வால் தகடுகள். மூக்கில் மேலே இரட்டைத் துப்பாக்கிக் கூண்டு, அதற்குக் கீழே குண்டு குறிபார்ப்பவர் படுத்துக்கொள்ளும் கண்ணாடிக் குமிழ். தொடக்ககால விமானங்களில் உடலின் பக்கவாட்டில் சின்னச் சின்ன ஜன்னல்கள் வரிசையாக இருக்கும். பின்னால் வந்தவற்றில் இல்லை. வட்ட முகம் கொண்ட ரேடியல் இன்ஜின் பூட்டிய லங்காஸ்டர் என்றால் அது மார்க் 2, அதாவது அதன் இரண்டாம் வடிவம். மொத்தமே 300தான் கட்டினார்கள், சில ஸ்குவாட்ரன்களுக்கு மட்டுமே போனது. தேடல் அங்கேயே பாதி முடிந்தது.

ஹாலிஃபேக்ஸின் வால் கதை வேறு. தொடக்கத்தில் முன்பக்கம் கூர்மையான முக்கோணத் தகடு. சில நிலைகளில் சுக்கான் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு விமானம் கட்டுக்கடங்காமல் விழுந்ததால், 1943இல் பெரிய செவ்வகத் தகடுக்கு மாறினார்கள். ஆக, முக்கோண வால் என்றால் முந்தைய காலம். மார்க் 3இல் ரேடியல் இன்ஜின், முன்கூண்டு இல்லாத உருண்டைக் கண்ணாடி மூக்கு, முதுகில் நான்கு துப்பாக்கிக் கூண்டு.

மூக்கு மட்டும் தெரியும் படத்தில் லங்காஸ்டருக்கும் அதற்கு முந்தைய மான்செஸ்டருக்கும் வித்தியாசம் சொல்வது கடினம். இரண்டும் ஒரே மூக்கு. மான்செஸ்டர் இரட்டை இன்ஜின் விமானம், 1942 நடுவில் குண்டுவீச்சுப் பணியிலிருந்து விலக்கப்பட்டது. தேதி அதற்குப் பிந்தையது என்று வேறு சாட்சி கிடைத்தால் லங்காஸ்டர் என்று துணியலாம்.

அமெரிக்க பி-17இல் மூக்குக்கு அடியில் தாடைபோலத் தொங்கும் துப்பாக்கிக் கூண்டு ஜி வகையின் அடையாளம். எஃப் வகையின் கடைசித் தொகுதிகள் சிலவற்றிலும் அது உண்டு என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பி-24 லிபரேட்டர் பெட்டிபோன்ற பருத்த உடலும் நீள்வட்ட இரட்டை வாலும் கொண்டது. டி வகைக்குக் கண்ணாடி மூக்கு, எச்சுக்கும் ஜேவுக்கும் மூக்கில் கூண்டு.

தேதியை நெருக்குவது

சின்னங்கள் மாறிய தேதிகள் தெரிந்தவை. பிரிட்டிஷ் வட்டச் சின்னத்தின் வெளி மஞ்சள் வளையம் மற்ற வளையங்கள் அளவுக்குத் தடிமனாக இருந்தால் படம் 1942 நடுவுக்கு முந்தையது. மஞ்சளும் வெள்ளையும் மெலிந்திருந்தால் பிந்தையது. மே மாதம் உத்தரவு வந்தாலும் எல்லா விமானத்துக்கும் ஒரே நாளில் வண்ணம் அடித்துவிடவில்லை. சில வாரம் முன்பின் விடுங்கள்.

அமெரிக்க நட்சத்திரம் இதைவிடத் துல்லியம். நடுவில் சிவப்புப் புள்ளி இருந்தால் 1942 மே மாதத்துக்கு முன். புள்ளியும் இல்லை, பக்கவாட்டுப் பட்டைகளும் இல்லை என்றால் 1943 நடு வரை. பட்டைகள் வந்து சுற்றிலும் சிவப்பு விளிம்பு இருந்தது 1943 கோடையில் சில மாதம் மட்டும். அதன்பின் விளிம்பு நீலம். பட்டைக்குள் சிவப்புக் கோடு தெரிந்தால் 1947 அல்லது அதற்குப் பிறகு, அது போர்க்காலப் படமே இல்லை.

லங்காஸ்டரில் வயிற்றுக்கு அடியில், குண்டறைக்குப் பின்னால், ரேடார் குமிழ் இருந்தால் 1943க்கு முன் போகாது. புரொப்பல்லர் இதழ் ஒல்லியாக இருந்தால் முந்தையது, துடுப்பு போல அகலமாக இருந்தால் பெரும்பாலும் 1944, 45.

குறியீடும் சீரியல் எண்ணும் ஒன்றல்ல

வட்டச் சின்னத்தின் ஒரு பக்கம் இரண்டு பெரிய எழுத்துகள், மறுபக்கம் ஒரு எழுத்து. இரண்டு எழுத்து ஸ்குவாட்ரனைச் சொல்லும், ஒற்றை எழுத்து அந்த ஸ்குவாட்ரனுக்குள் விமானத்தைச் சொல்லும். எஸ்ஆர் என்றால் 101, டபிள்யூஎஸ் என்றால் 9, பிஓ என்றால் 467. ஆனால் ஒரு ஸ்குவாட்ரனுக்கு ஒரே குறியீடு என்று இல்லை. 617 ஸ்குவாட்ரன் ஏஜே, கேசி, ஒய்இசட் மூன்றையும் பயன்படுத்தியது. 75 ஸ்குவாட்ரனில் ஏஏவும் உண்டு, மூன்றாவது பிரிவு விமானங்களுக்கு ஜேஎன்னும் உண்டு. 460 ஸ்குவாட்ரன் முதலில் யுவி, பிறகு ஏஆர். 1939இல் போர் தொடங்கியதும் குறியீடுகளையே மாற்றிப் போட்டார்கள் என்பதால் போருக்கு முந்தைய பட்டியலை 1941 படத்துக்குப் பயன்படுத்தினால் ஸ்குவாட்ரனே தப்பிவிடும்.

ஒற்றை எழுத்துதான் பலரையும் ஏமாற்றுவது. விமானம் திரும்பி வராவிட்டால், புதிதாக வந்த விமானத்துக்கு அதே எழுத்தைக் கொடுத்துவிடுவார்கள். ஒரு ஸ்குவாட்ரனில் "ஜி" என்ற எழுத்தை அடுத்தடுத்துப் பல விமானங்கள் சுமந்திருக்கும். எழுத்து கிடைத்தால் விமானம் கிடைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். ஒரு வரிசை கிடைத்திருக்கிறது, தேதிதான் அதில் ஒன்றைப் பொறுக்கித் தரும்.

சீரியல் எண் அப்படியல்ல. அது ஒரு விமானத்துக்கு ஒன்று, மாறாது. வாலுக்கு முன்னால் உடலின் பின்பகுதியில் ஓர் எழுத்தும் நான்கு எண்ணும், அல்லது இரண்டு எழுத்தும் மூன்று எண்ணும். லண்டன் ஹெண்டன் அருங்காட்சியகத்தில் நிற்கும் லங்காஸ்டர் ஆர் 5868 முதலில் 83 ஸ்குவாட்ரனில் ஓஎல்-கியூ. பிறகு 467இல் பிஓ-எஸ். குறியீடு வேறு, விமானம் ஒன்றுதான். எண் ஓரளவே தெரிந்தாலும் விடாதீர்கள். "இடி 9-2" என்று நடு எண் தெரியாவிட்டால், சாத்தியம் பத்தே விமானம். தொழிற்சாலைத் தொகுதிகளுக்கு நடுவே எதிரியைக் குழப்ப வேண்டுமென்றே விட்ட எண்களும் உண்டு. அவையும் கழிந்தால் பட்டியல் இன்னும் சுருங்கும். எண்ணுக்குப் பின்னால் ஒரு கோடும் "ஜி"யும் இருந்தால், எப்போதும் காவல் போட வேண்டிய ரகசியக் கருவி உள்ள விமானம் என்று பொருள். அணைத் தாக்குதலுக்குப் போன கிப்சனின் இடி 932 அப்படிப்பட்டது.

அமெரிக்கர்கள் சீரியல் எண்ணை வால் தகட்டில் எழுதினார்கள், ஆண்டின் முதல் எண்ணை விட்டுவிட்டு. 41-24485 என்ற விமானத்தின் வாலில் 124485 என்றிருக்கும். அது மெம்ஃபிஸ் பெல் என்ற புகழ்பெற்ற பி-17. இங்கிலாந்திலிருந்து பறந்த அமெரிக்க எட்டாவது விமானப்படையில் 1943 நடுவிலிருந்து வாலில் முக்கோணம், வட்டம், சதுரத்துக்குள் ஓர் எழுத்து: முக்கோணம் முதல் டிவிஷன், வட்டம் இரண்டு, சதுரம் மூன்று. முக்கோணத்தில் ஏ என்றால் 91ஆவது குண்டுவீச்சுக் குழு, சதுரத்தில் டி என்றால் 100ஆவது.

ஒரு எச்சரிக்கை. இங்கிலாந்தில் இன்றும் பறக்கும் லங்காஸ்டர் பிஏ 474, 1945இல் கட்டியது. போரில் குண்டு வீசியதே இல்லை. பல பத்தாண்டுகளாக அது கேஎம்-பி, ஏஜே-ஜி என்று பிரபல விமானங்களின் குறியீடுகளை மாறிமாறி அணிந்து காட்சிகளில் பறக்கிறது. அதைக் கறுப்பு வெள்ளையாக்கினால் போர்க்காலப் படம் என்றே தோன்றும். வாலருகே உள்ள சின்ன எண்ணைப் பார்த்தால் தப்பிக்கலாம்.

குண்டுக் கணக்கு

விமானியின் ஜன்னலுக்குக் கீழே, பெரும்பாலும் இடப்பக்கம், வரிசையாகச் சின்னக் குண்டுகள் வரைந்திருப்பார்கள். ஒரு குண்டு ஒரு தாக்குதல். இத்தாலிக்குப் போய்வந்ததற்கு ஐஸ்கிரீம் கூம்பு வரைந்தவர்களும் உண்டு. அந்த விமானம் போன தாக்குதல்களைத் தேதிவாரியாக எழுதிக்கொண்டு, படத்தில் 41 குண்டு இருந்தால் 41ஆவது தாக்குதலுக்கும் 42ஆவதுக்கும் நடுவே எடுத்த படம் என்று கொள்ளலாம். வண்ணம் அடிப்பவர் சில நாள் பின்தங்கியிருப்பார், அதற்கு இடம் விடுங்கள். விமானம் ஸ்குவாட்ரன் மாறியிருந்தால் பழைய கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தேதி குறிக்க இதற்கு நிகரான சாட்சி வேறில்லை என்பது எங்கள் கருத்து.

ஆட்கள்

லங்காஸ்டருக்கு ஏழு பேர்: விமானி, ஃப்ளைட் இன்ஜினியர், நேவிகேட்டர், குண்டு குறிபார்ப்பவர், வயர்லெஸ் ஆபரேட்டர், நடுமுதுகுத் துப்பாக்கிக்காரர், வால் துப்பாக்கிக்காரர். எட்டாவது ஆள் இருந்தால் அனுபவத்துக்காக உடன் வந்த புது விமானியாக இருக்கலாம். 101 ஸ்குவாட்ரனில் எட்டாவது ஆள் வழக்கம். ஜெர்மன் தெரிந்த அவர் எதிரியின் ரேடியோவைக் குழப்புவார். அந்த விமானங்களின் முதுகில் இரண்டு நீண்ட ஏரியல் கம்பங்கள் நிமிர்ந்து நிற்கும்.

மார்புச் சின்னத்தின் இரண்டு பக்கமும் சிறகு விரிந்திருந்தால் விமானி. ஒற்றைச் சிறகு மற்றவர்களுக்கு, வட்டத்துக்குள் எழுத்து வேலையைச் சொல்லும்: என் நேவிகேட்டர், பி குறிபார்ப்பவர், இ இன்ஜினியர், ஏஜி துப்பாக்கிக்காரர், எஸ் சிக்னலர். ஓ என்பது பழைய அப்சர்வர். 1942இல் அதை நிறுத்தி என், பி வந்தன. ஆனாலும் ஓ வாங்கியவர்கள் விடாமல் அணிந்துகொண்டேயிருந்தார்கள், எனவே ஓவை வைத்துத் தேதி சொல்ல முடியாது. இ என்ற எழுத்தோ, 1942க்கு முன் வரவே வராது. எஸ் 1944க்கு முன் வராது. அதற்கு முன் வயர்லெஸ்காரர்களும் ஏஜிதான் அணிந்தார்கள், ஆகவே 1943 படத்தில் மூன்று ஏஜி இருந்தால் குழப்பிக்கொள்ள வேண்டாம். முழுச் சிறகோடு இரண்டு பேர் இருந்தால், 1942 தொடக்கம் வரை இருந்த இரண்டாம் விமானி வழக்கமாக இருக்கலாம். 1944–45 என்றால் ஆள் மிகுதியால் இன்ஜினியர் இருக்கைக்குப் போன விமானியாக இருக்கலாம்.

சிறகு தெரியாத பறக்கும் உடைப் படத்தில் பாராசூட் வாரைப் பாருங்கள். விமானி பாராசூட்டின் மேலேயே உட்காருவார், எனவே பொதி பிட்டத்தருகே தொங்கும். மற்றவர்கள் மார்பில் மாட்டும் பொதியைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பார்கள், வாரின் முன்பக்கம் இரண்டு கொக்கி இருக்கும்.

பதவியைக் கையில் தேடுங்கள். மூன்று பட்டை சார்ஜென்ட், மேலே கிரீடம் சேர்ந்தால் ஃப்ளைட் சார்ஜென்ட். பேட்டில்டிரஸ் (இடுப்போடு முடியும் குட்டைச் சட்டை) அணிந்த அதிகாரிக்குத் தோள்பட்டையில் கோடுகள். தோளில் கனடா, ஆஸ்திரேலியா என்று பெயர் இருக்கிறதா பாருங்கள். ஆஸ்திரேலியர்களின் கருநீலச் சீருடை மற்றவர்களைவிட இருட்டாக விழும். இடது மார்பில் சாய்வான கோடு போட்ட ரிப்பன் அதிகாரிக்கு டிஎஃப்சி என்ற வீர விருது, மற்றவர்களுக்கு இன்னும் மெல்லிய சாய்கோடுள்ள டிஎஃப்எம் என்ற விருது. ரிப்பன் பெயர்ப்பட்டியலைச் சட்டென்று குறைக்கும், ஏனென்றால் விருது வாங்கியவர்களும் தேதியும் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் அச்சாகியிருக்கிறது.

அமெரிக்கக் குழுவில் பி-17க்குப் பத்துப் பேர், 1944இல் பல இடங்களில் ஒன்பது. நான்கு அதிகாரிகள் ஒரு வரிசை, மற்றவர்கள் இன்னொரு வரிசை என்பது வழக்கம். அந்தப் படங்கள் பலவும் அமெரிக்காவிலேயே பயிற்சி முடிந்த தருணத்தில் எடுத்தவை. பின்னால் நிற்கும் விமானம் அந்தக் குழு போருக்கு ஓட்டிய விமானம் அல்ல.

ஆவணத்தோடு ஒத்துப்பார்ப்பது

பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன்களின் நடவடிக்கைப் பதிவேடுகள் லண்டனில் கியூ பகுதியில் உள்ள நேஷனல் ஆர்க்கைவ்ஸில் ஏஐஆர் 27 என்ற தொகுதியில் இருக்கின்றன. படிவம் 540 மாதச் சுருக்கம். உங்களுக்கு வேண்டியது படிவம் 541. அன்றிரவு எந்த சீரியல் எண், யார் யார் குழு, எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று வரி வரியாக இருக்கும். தட்டச்சுப் பிழை அதிலும் உண்டு. ஒரே இரவில் ஒரே சீரியல் இரண்டு குழுவுக்கு வந்தால் அங்கே ஒன்று தவறு.

இறந்தவர்களுக்கு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தரவுத்தளமும், லிங்கனில் உள்ள சர்வதேச பாம்பர் கமாண்ட் மையத்தின் இழப்புத் தரவுத்தளமும் இருக்கின்றன. இரண்டும் இலவசம். பிழைத்தவர்கள் பெயருக்கு முதலில் பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்கர்களுக்குக் காணாமற்போன குழு அறிக்கைகள் உண்டு.

ஒரு குழு தன் பணிக்காலமான முப்பது தாக்குதலுக்குள் பல விமானங்களில் பறந்திருக்கும். ஒரு விமானத்தில் பல குழுக்கள் பறந்திருக்கும். எனவே "இந்த விமானத்தின் முன் நிற்கிறார்கள், ஆகவே இவர்கள் அதன் குழு" என்பது செல்லாது. எத்தனை பேர், அவர்களின் பதவி, சிறகு எழுத்து, ரிப்பன், தேசப் பெயர் ஆகியவை பதிவேட்டில் அந்தத் தேதியையொட்டி இருக்கும் ஒரு குழுவோடு மட்டும் பொருந்த வேண்டும். பொருந்திய பிறகு, பெயர் உறுதியான வேறொரு படத்தோடு முகத்தை ஒப்பிடுங்கள். காது மடலும் முடி தொடங்கும் கோடும் சிரிப்பைவிட நம்பகமானவை. ஓவர்ஆலும் எண்ணெய்க் கறையுமாக நிற்பவர்கள் தரைப் பணியாளர்கள். அவர்கள் பெயர் படிவம் 541இல் இருக்காது.

இந்தியா, இலங்கைப் படங்கள்

இங்கே எடுத்த படங்களுக்கு மேலே சொன்ன வட்டச் சின்னக் கணக்கு செல்லாது. ஜப்பானியச் சிவப்பு வட்டத்தோடு குழம்பக் கூடாதென்று 1943 நடுவிலிருந்து இந்தப் பகுதியில் பிரிட்டிஷ் விமானச் சின்னத்திலிருந்து சிவப்பையே எடுத்துவிட்டார்கள்: வெளியே கருநீலம், நடுவே வெளிர்நீலம் அல்லது வெள்ளை. ஆர்த்தோ ஃபிலிமில் அது வெறும் வெளுத்த வட்டமாகத்தான் தெரியும். காக்கி அரைக்கால் சட்டையும் அகல விளிம்புத் தொப்பியும் இருந்தால் இந்தப் பக்கம் சந்தேகப்படுங்கள்.

பெரும்பாலும் லிபரேட்டர்கள். 200 ஸ்குவாட்ரன் 1944இல் சென்னைப் பரங்கிமலையிலிருந்து பறந்தது. 160 ஸ்குவாட்ரன் இலங்கையில் சிகிரியா, மின்னேரியா, காங்கேசன்துறை என்று இடம் மாறியது. இரண்டெழுத்து ஸ்குவாட்ரன் குறியீடு இவற்றில் அரிது. ஒற்றை எழுத்து மட்டும் இருக்கும். 1945 வாக்கில் சில ஸ்குவாட்ரன்கள் கறுப்புச் சுக்கானில் வெள்ளை வட்டம், கோடு, பெருக்கல் குறி என்று தனித்தனி வடிவம் வரைந்தன. வாலைத் தெளிவாக ஸ்கேன் செய்யுங்கள். குழுவில் எட்டு முதல் பதினொரு பேர் வரை இருப்பார்கள், ஏழை எதிர்பார்க்க வேண்டாம். செங்குன்றம் ஏரியில் மிதக்கும் இறக்கைமேல் இன்ஜின் விமானம் கேட்டலினா, கடற்காவல் விமானம். தென்னை மரங்களுக்கு நடுவே பளபளக்கும் பி-29 நின்றால் திருகோணமலை சைனா பே தளத்தைப் பாருங்கள்: 1944 ஆகஸ்ட் 10 அன்று சுமத்ராவின் பாலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளைத் தாக்க அவை அங்கிருந்துதான் கிளம்பின. 160, 200 போன்ற பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன்களின் பதிவேடுகளும் அதே ஏஐஆர் 27 தொகுதியில்தான் இருக்கின்றன. பி-29 அமெரிக்கர்களுடையது என்பதால் அதன் ஆவணங்களை அமெரிக்காவில் தேட வேண்டும்.

கண்டுபிடித்ததை எழுதும்போது பெயர்களைப் பார்ப்பவரின் இடமிருந்து வலமாகக் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "உறுதி", "பெரும்பாலும்", "இருக்கலாம்" என்று ஒன்றைக் குறித்து, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். பழைய படக்குறிப்பு தவறென்று தெரிந்தாலும் அதை அழிக்காமல் அப்படியே நகலெடுத்து வையுங்கள்.